பனிமலை தாண்டிய வாத்தும் ஒன்பது வளை நரியும்

ஒரு காட்டில் ஒரு நரி இருந்தது. காடு என்றதும் வானத்தை மறைக்கும் மரங்களை நினைத்துவிடாதீர்கள், குழந்தைகளே. இது முள்காடு. குடை விரித்தது போல உடைமரங்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பனைகள், மற்றபடி கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் செம்மண். நடுவில் ஓர் ஏரி.

அந்த நரி சரியான அவசரக் குடுக்கை. வானம் கறுத்தால் போதும், வளை தோண்டத் தொடங்கிவிடும். மண் பறக்கும், புழுதி கிளம்பும், பார்ப்பவர்கள் அசந்து போவார்கள். அரை நாழிகை கழித்துப் போய்ப் பார்த்தால் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு படுத்திருக்கும்.

"இந்த இடம் சரியில்லை. அடியில் கல் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, மறுநாள் வேறிடம் பார்க்கும். இப்படி ஒன்பது வளைகள். ஒன்றில்கூட அதன் வால் மறைய இடமில்லை. ஒவ்வொரு மழையிலும் அது தொப்பலாக நனைந்துதான் கிடந்தது.

ஆண்டுதோறும் மார்கழியில் வடக்கேயிருந்து அந்த ஏரிக்கு வாத்துகள் வரும். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட வாத்துகள். வெயில் ஏறுவதற்குள் திரும்பிப் போய்விடும். அந்த ஆண்டு ஒரு பெண் வாத்து மட்டும் போகவில்லை. கழுகு அடித்ததில் அதன் இடது இறக்கை ஒடிந்திருந்தது. கூட்டம் மேலே வட்டமிட்டு வட்டமிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தது. பிறகு மனமில்லாமல் போய்விட்டது.

சித்திரை வந்தது. ஏரி குளமாயிற்று, குளம் குட்டையாயிற்று, கடைசியில் சேற்றுக்கு நடுவே ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர் மிஞ்சியது. அதில் வாத்து நின்றது. கரையில் நரி நின்றது. அந்தச் சேற்றில் இறங்கினால் வயிறு வரை புதையும் என்பது நரிக்குத் தெரியும். இறங்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டது.

"வாத்தக்கா, இன்னும் எத்தனை நாள் அங்கேயே நிற்பாய்?" என்று கேட்டது நரி.

"நாளைக் காலையில் கிளம்புகிறேன், தம்பி. ஆற்றுக்கு."

நரி விழுந்து விழுந்து சிரித்தது. "ஆறு அரைக் காத தூரம்! பறந்தா போகப் போகிறாய்?"

"நடந்து."

"கரையேறியதும் கழுத்தைப் பிடித்துவிடுவேனே!"

"நீ பாய்ந்தால் நான் சேற்றுக்குள் திரும்பிவிடுவேன். இங்கேயே கிடந்து சாவேன். பருந்துகள் வந்து தின்னும். நீ கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாம்" என்றது வாத்து. "அதைவிட, என் பின்னாலேயே வா. நான் எந்த இடத்தில் விழுகிறேனோ அந்த இடத்தில் என்னை எடுத்துக்கொள். விழாதவரை தொடக் கூடாது. சம்மதமா?"

நரிக்கு வாயில் எச்சில் ஊறியது. வாத்தின் குட்டைக் கால்களைப் பார்த்தது. முதல் பனையைக்கூடத் தாண்டாது என்று முடிவு கட்டியது.

"சம்மதம்! என் ஒன்பது வளைகள் மேல் ஆணை!"

அந்த ஆணைக்கு எவ்வளவு மதிப்பு என்று வாத்துக்குத் தெரியாது, பாவம்.

விடிந்ததும் வாத்து கரையேறி நடந்தது. அசைந்து அசைந்து, ஒரே சீராக நடந்தது. பின்னால் வந்த நரிக்குப் பொறுக்கவில்லை.

"உயிருக்குப் பயந்தவள் நடக்கிற நடையா இது? ஓட வேண்டாமா?"

"ஓடினால் அதோ அந்தப் பனை வரை போவேன். நான் ஆற்றுக்குப் போக வேண்டும்" என்றது வாத்து.

பனையும் வந்தது, போயிற்று. வாத்து விழவில்லை. நரி முன்னால் ஓடிப் பார்த்தது, திரும்பி ஓடி வந்தது. நடுவில் ஓர் ஓணானைத் துரத்தியது. ஓணான் முள்ளுக்குள் புகுந்துகொண்டது. நரியின் வாயில் மண்தான் மிஞ்சியது.

இரண்டாவது பனை நிழலில் வாத்து உட்கார்ந்தது.

"விழுந்துவிட்டாய்!" என்று பாய்ந்து வந்தது நரி.

"விழவில்லை, உட்கார்ந்திருக்கிறேன். களைத்த பிறகு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அதனால் களைப்பதற்கு முன்பே உட்கார்கிறேன்."

காய்ந்த புல்லை இரண்டு கடி கடித்துவிட்டு அது மறுபடி நடந்தது. அதே நடை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இப்படி ஒன்றை நரி பார்த்ததே இல்லை.

"அக்கா, நீ பனிமலையைத் தாண்டி வந்தவள் என்று கொக்குகள் பேசிக்கொள்கின்றன. நிஜமா?"

"நிஜம்தான்."

"அது நம் கரட்டுக் குன்றைவிடப் பெரிதா?"

"மேகமெல்லாம் அதன் இடுப்புக்குக் கீழே நிற்கும், தம்பி. அங்கே மூச்சு விடக் காற்று போதாது. கண் இமையில் பனி உறையும்."

நரி அண்ணாந்து பார்த்தது. மேகங்கள் எங்கேயோ உயரத்தில் இருந்தன. அவற்றுக்கும் மேலே இந்தக் குட்டைக்கால் வாத்து பறந்திருக்கிறது!

"எப்படித் தாண்டினாய்?" என்று மெல்லக் கேட்டது நரி.

"மலையைப் பார்த்தால் இறக்கை எழும்பாது. நான் மலையைப் பார்க்கவே இல்லை. இந்த ஓர் அடிப்பு, பிறகு இன்னும் ஓர் அடிப்பு. அவ்வளவுதான்."

உச்சி வெயில். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஆணையை மீறிப் பாய்ந்துவிடலாம் என்று நரி அப்போது நினைத்தது. ஆனால் காலையிலிருந்து ஓடிய ஓட்டத்தில் அதன் பின்னங்கால்கள் எழும்பவில்லை.

வாத்துக்கும் பாடுதான். சவ்வுப் பாதம் சுடுமண்ணில் வெந்து வெடித்திருந்தது. வைத்த அடியிலெல்லாம் ரத்தப் புள்ளி. ஓரிடத்தில் கால் இடறியது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒடிந்த இறக்கையை மண்ணில் ஊன்றிக்கொண்டு அது அப்படியே நடுங்கியது.

"விழுந்துவிடாதே!" என்றது ஒரு குரல்.

யார் சொன்னது என்று நரி சுற்றுமுற்றும் பார்த்தது. சொன்னது அதன் வாய்தான்.

வாத்து நிமிர்ந்தது. பழையபடி நடந்தது.

பொழுது சாயும் நேரத்தில் ஆறு தெரிந்தது. வாத்து மணலில் இறங்கி, தண்ணீரில் இறங்கி, கழுத்து வரை முழுகியது. நரியோ நூறு அடிக்கு முன்னாலேயே சுருண்டு விழுந்துவிட்டது. தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தது. எழுந்து போக மனம் வரவில்லை. இனி நம்மால் ஆகாது என்று கண்ணை மூடிக்கொண்டது.

"தம்பி!" என்று ஆற்றிலிருந்து குரல் வந்தது. "ஆற்றைப் பார்க்காதே. உன் மூக்குக்கு முன்னால் என்ன இருக்கிறது?"

"ஆவாரஞ்செடி" என்று முனகியது நரி.

"அதுவரை வா."

நரி வயிற்றை இழுத்துக்கொண்டு செடி வரை வந்தது.

"இப்போது என்ன தெரிகிறது?"

"எருக்கு."

"அதுவரை வா."

வந்தது.

"இப்போது?"

நரியின் மூக்கு தண்ணீருக்குள் இருந்தது.

வயிறு நிறையக் குடித்துவிட்டு நரி தலையைத் தூக்கியது. இப்போது அதன் பேச்சே மாறிவிட்டது.

"உங்களைத் தின்ன வந்தவன் நான். என்னை ஏன் அக்கா கூப்பிட்டீர்கள்?"

"பின்தங்குகிறவர்களைக் கூப்பிட்டுக்கொண்டேதான் நாங்கள் பறப்போம். பழகிவிட்டது" என்றது வாத்து. சொல்லிவிட்டு நடு ஆற்றுக்கு நீந்திப் போய்விட்டது. நரியின் வயிற்றில் தண்ணீர் மட்டும்தானே இருக்கிறது!

நரி காட்டுக்குத் திரும்பியதும் பத்தாவது வளைக்கு இடம் தேடவில்லை. தான் கைவிட்ட முதல் வளைக்கே போயிற்று. கல் அப்படியேதான் இருந்தது. கல்லைச் சுற்றி ஒரு சாண் தோண்டியது. இன்னும் தோண்டத் தெம்பு இருந்தும் நிறுத்திக்கொண்டது. மறுநாளும் ஒரு சாண். அதற்கு மறுநாளும் ஒரு சாண்.

ஐப்பசியில் அடைமழை கொட்டியது. முள்காடே வெள்ளக்காடாயிற்று. நரி தன் வளைக்குள் படுத்திருந்தது. வால் நுனிகூட நனையவில்லை.

மார்கழியில் ஒரு நாள் வடக்கு வானத்திலிருந்து குரல்கள் கேட்டன. ஆற்றுப் பக்கமிருந்து ஒற்றைக் குரல் பதில் சொன்னது. நரி வெளியே வந்து அண்ணாந்து பார்த்தது. பனிமலையைத் தாண்டி அவ்வளவு பேர் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். அதன் கண் கலங்கிவிட்டது.

கூட்டத்தில் யாராவது பின்தங்கியிருந்தால் அவர்களுக்கும் கேட்கட்டும் என்று, அதுவும் தன் பங்குக்கு மூக்கைத் தூக்கி ஊளையிட்டது.

நீதி: நெடுந்தூரம் போக வேண்டியவர் தூரத்தைக் கண்டு மலைக்கவும் கூடாது, வேகத்தை நம்பவும் கூடாது; அடுத்த செடி வரை நிதானமாக நடந்தால் போதும்.