நாவல்மரத்து வளைவில் நிற்கிற வண்டி

மாதையன் பைக்கின் கார்பரேட்டரைக் கழற்றி ஊசியை வெளியே எடுத்திருந்தான். ஏறி இறங்கி பெட்ரோலை அளந்து விடுகிற ஊசி. அதன் தலைமாட்டில் ஐந்து பள்ளம். கிளிப்பை எந்தப் பள்ளத்தில் மாட்டுகிறோமோ அதற்குத் தக்கபடி வண்டி கூடக் குடிக்கும், இல்லை குறையக் குடிக்கும்.

"அஞ்சுலயும் மாட்டிப் பார்த்துட்டேன்க்கா. வேற ஊசியும் போட்டுப் பார்த்துட்டேன். நாவல்மரத்து வளைவு வந்தா நின்னு போகுது."

பிலோமினா அடிவாரத்துப் பட்டறைக்காரி. அவனைவிடச் சின்னவள்தான். ஆனாலும் தொழில் கற்றுக்கொள்ள வந்த நாளிலிருந்து அவளை அக்கா என்றே கூப்பிடுவான்.

"வேற எங்கயும் நிக்கலையா?"

"ஒரு இடத்துலயும் இல்ல."

அது அவன் அண்ணனுடைய பழைய வண்டி. போன ஆடியில் அண்ணன் அந்த வளைவில்தான் விழுந்து செத்தான். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. கைப்பிடி மட்டும் கோணியிருந்தது.

நாளைக்கு அண்ணன் மகள் கோகிலா பள்ளி விடுதியிலிருந்து வருகிறாள். பஸ் அடிவாரத்தோடு சரி. மலைமேல் இருக்கிற அவள் அம்மாவிடம் பிள்ளையை இந்த வண்டியில்தான் கொண்டுபோய் விட வேண்டும். போன தடவை வண்டி நின்று, பின்னால் உருண்டு, ஓரத்துக் கல்லில் முட்டியது. கல்லுக்கு அந்தப் பக்கம் பனிதான். தரை தெரியவில்லை.

மாதையன் குரலைத் தாழ்த்தினான். "இன்னொண்ணும் இருக்குக்கா. பின்னால கால் வைக்கிற கம்பியை மடக்கி வெச்சுட்டுத்தான் கிளம்புவேன். அங்க நின்னதும் பார்த்தா ரெண்டும் விரிஞ்சு கிடக்குது."

"ஏறி உட்கார்ந்தவரு இறங்கும்போது மடக்கிட்டுப் போகக் கூடாதா?"

அவள் மட்டும்தான் சிரித்தாள். பிறகு அவளும் நிறுத்திக்கொண்டாள்.

"ஊசியை மாட்டுங்க. நடுப் பள்ளம். போய்ப் பார்த்துட்டு வருவோம்."

மாதையன் ஓட்டினான். அவள் பின்னால் உட்கார்ந்தாள். பட்டப்பகலிலும் மேலே போகப் போகப் பனி வழியை மூடியது. குரங்குச் சத்தம்கூட இல்லை. நாவல்மரம் தெரிந்ததும் பன்னீர்ப் புகையிலை வாசம் வந்தது. அண்ணன் போடுவது அது. வண்டி இருமியது. நின்றது.

அவள் குதித்து இறங்கி, பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை உதைத்து முட்டுக் கொடுத்தாள். கார்பரேட்டர் மூடியைத் திருகி ஊசியை வெளியே எடுத்தாள். துணியால் துடைத்தாள். அவனுக்கு முதுகைக் காட்டி நின்று கிளிப்பை என்னவோ செய்தாள். திரும்ப மாட்டினாள்.

"கீழே போய்த் திரும்பி வருவோம். இப்ப நான் ஓட்டறேன்."

திரும்ப ஏறி வரும்போது மாதையன் பின்னால் இருந்தான். மரம் தெரிந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அதே வாசம். வண்டி திடீரென்று கனத்தது, மூன்றாவதாக ஒரு ஆள் ஏறினது போல. இஞ்சின் சத்தம் அடங்கியது. ஆனால் நிற்கவில்லை. தட், தட், தட் என்று இழுத்துக்கொண்டே போனது.

கண்ணைத் திறந்தபோது வளைவு பின்னால் போயிருந்தது. மேலே வெயில் அடித்தது. அவள் வண்டியை ஓரம் கட்டினாள்.

"எந்தப் பள்ளத்துலக்கா மாட்டினீங்க?"

"நடுப் பள்ளம்தான். நீங்க மாட்டின அதே இடம்."

"பின்னே எப்படி..."

"மரத்தைப் பார்த்ததும் உங்க கை ஆக்சிலேட்டரை மூடிருச்சு. நான் பின்னால இருந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். ஏத்தத்துல முழுக்க மூடினா வண்டி நிக்கத்தான் செய்யும், ஊசிக்கு அங்க வேலையே இல்லை. எந்தப் பள்ளத்துல இருந்தா என்ன?"

மாதையன் தன் வலது கையைப் பார்த்தான்.

"அப்ப அங்க யாரும் இல்லைங்கறீங்களா?"

"அப்படி நான் சொல்லலையே."

"நீங்க... பார்த்தீங்களாக்கா?"

பிலோமினா இறங்கி, ஓட்டுகிற இடத்தை அவனுக்கு விட்டுவிட்டு நின்றாள்.

"பார்த்தேன். அதான் ஆக்சிலேட்டரை மூடலை."