வலப்பக்கம் மலை

பாதி வெட்டிய மலையின் அடிவாரத்தில் வேலாத்தாள் இருந்தார். மீதிப் பாதியை வெட்டப்போகிறவர் அவருடைய சீடர்.

நஞ்சப்பன் குருவைவிட மூத்தவர். குவாரியும் கல்லுடைக்கும் கிரஷரும் தார் பிளாண்ட்டும் அவருடையவை. அமாவாசைதோறும் விடிகிற நேரத்தில் வந்து குருவோடு மலையைச் சுற்றுவார். வலப்பக்கம் மலை இருக்க, தலை குனிந்து, வாய் திறக்காமல் நடக்க வேண்டும். சுற்றி முடித்து நிமிர்ந்ததும் கேட்கிற முதல் வேண்டுதலை மலை தட்டாது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை.

அன்று செருப்பைக் கழற்றும்போதே நஞ்சப்பன் சொன்னார்.

“அம்மா, இன்னிக்கு மத்தப் பக்கமும் ஆரம்பிக்கறோமுங்க. பிளாண்ட்டும் பெருசாகுது. டிரில்லிங் வண்டி வந்துட்டே இருக்குது. முதல் கல்லை நீங்க தொட்டுக் கொடுக்கோணும்.”

“மலைச் சுனையில தண்ணி இருக்குதுங்களா?”

“அது எப்பவோ வத்திப்போச்சுங்களே.”

“ஊட்ல அம்மிணி?”

மனைவியின் பேச்சு வந்ததும் நஞ்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “தார்ப் புகை ஆகலைன்னு அக்கா ஊட்டுக்குப் போயிட்டாளுங்க. மூச்சு வாங்குதாம்.” பிறகு குரல் தெளிந்தது. “சுத்தற பாதைக்கு என் செலவுலயே தார் போட்டுடறேனுங்க. காலுல ஒரு முள்ளு குத்தாது.”

“முள்ளு ஏதுங்க இப்ப?” என்றார் வேலாத்தாள். “சரி, சுத்திட்டு வந்து தொட்டுக் கொடுக்கறேன். நீங்க முன்னால போங்க.”

நடந்தார்கள்.

கிரஷர் விடிய விடிய ஓடியிருந்தது. தூசி தரையிலிருந்து எழுந்து அசையாமல் நின்றது. வேம்புகள் வெள்ளை இலைகளோடு தோன்றி மறைந்தன. வெள்ளை நாய் ஒன்று எதிரே வந்தது. அது கறுப்பு நாய் என்பது நஞ்சப்பனுக்குத் தெரியும். கால்கள் மாவில் புதைவது போலப் புதைந்தன; காலடிச் சத்தமே கேட்கவில்லை. எங்கோ ஒரு டிப்பர் லாரியின் விளக்குகள் இரண்டு நிலாக்களாக மிதந்து போயின. வலப்பக்கத்தில் மலைச்சரிவு கருநீலமாகக் கூடவே வந்தது.

தெற்கு மூலையில் வழக்கமாக வலிக்கும் முழங்கால் இன்று வலிக்கவில்லை. மூலை எப்போது திரும்பியதென்றே தெரியவில்லை. மலை தன்னைச் சுருக்கிக்கொண்டு வழிவிடுகிறது என்று நினைத்தார்.

புழுதியில் தன் காலடித் தடம் மறுபடி கண்ணில் பட்டதும், சுற்று முடிந்ததென்று நின்று, நிமிர்ந்து, கைகூப்பினார். வேலை தடங்கலில்லாமல் நடக்க வேண்டும் என்று கேட்பதாகத்தான் வந்திருந்தார். வாயில் வந்தது வேறு.

“அவ ஊட்டுக்குத் திரும்பி வரோணும்.”

மலையிலிருந்து சிறு கற்கள் உருண்டு வந்து அவர் பாதங்களைத் தொட்டன. நஞ்சப்பனுக்குக் கண் நிறைந்தது.

காற்று திரும்பியது. தூசி மெல்ல விலகியது. மலையின் உச்சிக்கு மேலே கன்வேயர் பெல்ட் தெரிந்தது. அதிலிருந்து ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தது.

கைகூப்பியபடியே நின்றார். லாரித்தடம் குறுக்கிடும் இடத்தில் பாதை மாறியிருக்க வேண்டும்.

“அம்மா! ஜல்லிக் குமியையா சுத்தினேன்?”

“ஆமாங்க.”

“பின்னாலயே வந்தீங்களே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சுத்தறப்போ பேசக் கூடாதுங்களே.”

“நானும் கும்பிட்டு… வாய்விட்டுக் கேட்டு…”

வேலாத்தாள் குனிந்து அவர் காலடியில் கிடந்த ஜல்லி ஒன்றை எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“தொட்டுக் கொடுத்துட்டேனுங்க.”

கல் இளஞ்சூடாக இருந்தது. தூரத்தில் டிரில்லிங் வண்டி வருகிற சத்தம் கேட்டது.

“அப்போ நான் கேட்டது?” என்றார் நஞ்சப்பன்.

வேலாத்தாள் கிழக்கே பார்த்தார். அங்கே மிச்ச மலை வெயிலில் தனியாக நின்றது.

“அங்க போய்ச் சுத்தி, திரும்பக் கேக்கறீங்களா? இல்ல, அந்த மலையும் ஜல்லியா இங்கயே வந்து சேரட்டும்ங்களா?”