துத்தநாகம் கலந்த வில்லை

குழந்தைவேலு கல்லூரி ஆசிரியர். தன்னைவிட வயதில் இளையவரான பேராசிரியர் மெஹருன்னிசாவிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துவந்தார். வகுப்பில் மணி அடித்த பிறகும் வாய் ஓயாத மனிதர். இந்த ஒரு வாரமாக அவரிடம் பேச்சு மூச்சைக் காணோம்.

ஆய்வகத்தில் திரவ நைட்ரஜன் குடுவை வெடித்து, மாணவி ஜெயசுதாவுக்கு ஒரு கண் போய்விட்டது. ஆவி வெளியேறும் துளையை அவள் தன் இஷ்டத்துக்கு அடைத்ததுதான் காரணம் என்று துறைத்தலைவர் எழுதிவிட்டார். அடைக்கச் சொன்னவரே அவர்தான். நைட்ரஜன் வீணாகிறதாம். அவர் சொன்னபோது குழந்தைவேலு பக்கத்தில் நின்றிருந்தார்.

மறுநாள் விசாரணை. பழி நிலைத்துவிட்டால் அவளை ஆய்விலிருந்தே நீக்கிவிடுவார்கள். கண்ணும் போய்ப் படிப்பும் போகும், பாவம்.

மெஹருன்னிசாவின் ஆய்வக மேஜையில் இரண்டு கறுப்பு வில்லைகள் இருந்தன. தாமிர ஆக்சைடு வகை. கடுங்குளிரில் மின்சாரத்தைத் தடையின்றிக் கடத்தும், காந்தத்தை அந்தரத்தில் நிறுத்தும். ஒன்றில் மட்டும், சில தாமிர அணுக்களின் இடத்தில் துத்தநாகம் சேர்த்திருந்தார்கள்.

மெஹருன்னிசா இரண்டின் மேலும் கடுங்குளிரான திரவ நைட்ரஜனை ஊற்றிக் காந்தங்களை வைத்தார். ஒன்று மிதந்தது. துத்தநாகம் கலந்ததன் மேல் வைத்தது அப்படியே கிடந்தது.

"இத்தனை தாமிரம் இருக்கு. கொஞ்சூண்டு துத்தநாகத்துக்கா இப்படி ஆச்சு, மேடம்?"

"ஒவ்வொரு தாமிர அணுவும் பக்கத்துல இருக்கிற நாலைப் பார்த்துத்தான் நடந்துக்கும், சார். அந்த ஒத்துழைப்பு இருந்தாத்தான் எலக்ட்ரான் ஜோடி சேரும், காந்தமும் மிதக்கும்."

"துத்தநாகம் அதோட சண்டை போடுதா?"

"இல்ல. அதுக்குக் காந்தத்தன்மையே கிடையாது. இந்தப் பக்கமும் இல்லாம அந்தப் பக்கமும் இல்லாம சும்மா உட்கார்ந்திருக்கும்."

"சும்மா இருக்கிறதால யாருக்கு என்ன நஷ்டம்?"

மெஹருன்னிசா நைட்ரஜன் குடுவையை ஓரமாக வைத்தார்.

"நாளைக்கு விசாரணையில என்ன சொல்லப்போறீங்க?"

குழந்தைவேலு தலையைக் குனிந்துகொண்டார்.

"கவனிக்கலைன்னு சொல்லிடுவேன் மேடம். என் ஆய்வேட்டுல துறைத்தலைவர் கையெழுத்துப் போடணும். அந்தப் பொண்ணுக்கு எதிரா ஒரு வார்த்தை பேசமாட்டேன். அவருக்கு எதிராவும் பேசமாட்டேன்."

மெஹருன்னிசாவுக்குக் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டார்.

"உங்களைச் சுத்தி வேலை பார்க்கிற நாலு பேரும் காலையில என்கிட்ட வந்தாங்க. துறைத்தலைவர் அடைக்கச் சொன்னது அன்னிக்கு அவங்க காதுலயும் விழுந்திருக்கு. 'குழந்தைவேலு சாரே கவனிக்கலைன்னு சொன்னா நாங்களும் கவனிக்கலைன்னுதான் சொல்லுவோம்'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."