எல்லை தாண்டிய பதினான்கு பேர்

முன்னொரு காலத்தில், பேர் சொன்னால் வம்பு வரும் ஒரு நாட்டில், மான்களைக் கண்டால் மனமுருகும் ராஜா ஒருவர் இருந்தார். ஒருநாள் திடீரென்று, "நம் காட்டுக்குள் மனிதர் எவரும் நுழையக் கூடாது. எல்லைக்கல்லைத் தாண்டிக் காட்டிலிருந்து எது வந்தாலும் பிடித்து என் முன் நிறுத்துங்கள்" என்று ஆணையிட்டார். காட்டோரத்து ஜனங்கள் எதைத் தின்பார்கள் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஒரே ஒரு வள்ளிக்கிழங்கோடு வெள்ளச்சி என்ற பெண் பிடிபட்டாள். நாடு கடத்தும்படி தீர்ப்பானது.

சபையின் விகடகவி நல்லக்குட்டிக்கு மனசு பொறுக்கவில்லை. "பிரபு, ஒரு கிழங்குக்கா இவ்வளவு?" என்றான்.

அவன்மேல் நெடுநாளாகப் பொருமிக்கொண்டிருந்த மந்திரி வீரபாகு சமயம் பார்த்துக் குறுக்கிட்டார். "அரசே, இவரையே எல்லைக் காவலராக்குங்கள். மூன்று நாளில் எல்லை தாண்டியவர்களைக் கொண்டுவராவிட்டால், இவரும் அவளோடு போகட்டும்." ஏழைகளைக் காட்டிக்கொடுக்க நல்லக்குட்டிக்குக் கை வராது என்பது மந்திரியின் கணக்கு. ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

மூன்றாம் நாள் காலை, சபை கூடியிருந்தபோது வெளியே பறைச்சத்தம் கேட்டது. அடுத்த நொடி பதினான்கு காட்டுப்பன்றிகள் உள்ளே பாய்ந்தன. ராஜா இரண்டு கால்களையும் சிம்மாசனத்தின்மேல் தூக்கிக்கொண்டார். மந்திரி தம் வயதை மறந்து தூணில் ஏறினார். பன்றிகள் பின்வாசல் வழியாக ஓடி மறைந்ததும், பறை அடித்து அவற்றை விரட்டிவந்த ஊராரோடு நல்லக்குட்டி நிதானமாக நுழைந்தான்.

"எல்லை தாண்டியவர்கள், பிரபு. வெள்ளச்சியின் தினைக்கொல்லையில் கையும் களவுமாகப் பிடித்தேன்."

"அவை ஏன் காட்டை விட்டு வந்தன?" என்றார் ராஜா, கால்களை இறக்காமலே.

காவலர் நடுவே நின்ற வெள்ளச்சி சொன்னாள்: "நாங்க கிழங்கு தோண்டினா, தலையை மட்டும் கொடியோட திரும்பப் புதைச்சிருவோம் சாமி. மறுவருசம் திரும்ப விளையும், பன்னிக்கும் ஆகும், எங்களுக்கும் ஆகும். ரெண்டு வருசமா புதைக்க ஆளில்ல. பன்னி தலையோட தின்னுருது. உள்ள தீந்துபோச்சு, கொல்லைக்கு வருது. எங்க புள்ளைங்க பட்டினி கிடக்குது."

ராஜாவுக்கு முகம் வாடிவிட்டது. "இவளிடம் பறித்த கிழங்கு எங்கே?"

தூணிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "அவித்துச் சாப்பிட்டாயிற்று, அரசே."

"தலையையுமா சாமி?" என்றாள் வெள்ளச்சி.

மந்திரி தூணை இன்னும் இறுகக் கட்டிக்கொண்டார்.

"மன்னியுங்கள் பிரபு, எண்ணிக்கை தவறிவிட்டது" என்றான் நல்லக்குட்டி. "மொத்தம் பதினைந்து."

ராஜா சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி நல்லக்குட்டிக்குப் போட்டார். கிழங்குக்காரர்களுக்குக் காட்டைத் திறந்துவிட்டார். தலை புதைக்கக் கற்றுவர, மந்திரியை வெள்ளச்சியோடு அனுப்பிவைத்தார்.