ஆமையின் இரண்டாவது கண்

ஒரு ஊர்ல ஒரு லேத் பட்டறை. ஞாயித்துக்கிழமை மட்டும் அங்க இரும்பு கடையற சத்தம் கேக்காது. அப்படி ஒரு ஞாயித்துக்கிழமை அங்க யாரெல்லாம் இருந்தாங்கன்னு சொல்றேன், நீயும் எண்ணிக்கோ. பட்டறைக்காரர் தண்டபாணி ஒண்ணு. செல்போன் ரிப்பேர் பண்ற நூர்ஜகான் ரெண்டு. பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆன ராக்கியப்பன் மூணு. இந்த மூணு பேருதான் லீவு நாள்ல ரோபோ செய்யறவங்க. அப்புறம் தெருப் புள்ளைங்க ஆறு பேரு, ஆச்சா ஒம்போது. வேடிக்கை பாக்க வந்த அம்மாமாரு ரெண்டு, பதினொண்ணு. ஆட்டோ செல்லத்துரை பன்னெண்டு. கலைமணி பதிமூணு. அவ மடியில, இப்பத்தான் பல்லு முளைக்கிற இன்பாக்குட்டி, பதினாலு. ம் சொல்லு.

ம்.

அவங்க செஞ்ச ரோபோவுக்குப் பேரு ஆமை. தகர முதுகு, நாலு காலு. கிர்ர்... கிர்ர்ர்னு நடக்கும். கண்ணு ரெண்டும் பளிச் பளிச்சுனு எரியும். மாசம் ஒரு நாள் அதத் தெருப் புள்ளைங்க கையில குடுத்துருவாங்க. அதுங்களே மொத்தமாக் கழட்டணும், அதுங்களே திரும்ப மாட்டணும். கழட்டுறது தொலையக் கூடாதுன்னு ராக்கியப்பன் மூணு இட்லித் தட்டு வச்சிருப்பாரு. ரெண்டு தட்டுலயும் சேந்து எட்டுக் குழி, குழிக்கு நாலு ஸ்க்ரூ, முப்பத்திரெண்டு. மூணாவது தட்டுல ஒரே குழியில கண்ணு பேட்டரி ரெண்டு. சட்டை பட்டன் அளவுதான் இருக்கும்.

அப்புறம் என்னாச்சு, அன்னிக்கும் கழட்டினாங்க, மாட்டினாங்க, முப்பத்திரெண்டு ஸ்க்ரூவும் முறுக்கியாச்சு. கடைசியாக் கண்ணு வைக்கணும். ராக்கியப்பன் குழியப் பாத்தாரு. ஒரு பேட்டரிதான் இருந்துச்சு.

தட்டுக்கு அடியில பாத்தாரு. சட்டைப் பைய உதறினாரு. ஒண்ணுதான். அப்போ நிமிந்து பாத்தா, இன்பாக்குட்டி வாய மொச்சு மொச்சுனு மெல்லுது. எச்சில் வழியுது.

முழுங்கிருச்சா?

இரு கண்ணு, சொல்றேன். ராக்கியப்பனுக்குக் கூட்டத்துல பேசவே கூச்சம். கண்டக்டரா இருந்தப்பவே டிக்கெட், டிக்கெட்டுனு சொல்றதோட சரி. நாம தப்பா எண்ணியிருந்தா? ஒரு பெத்தவளப் பதற வச்சுட்டு நிப்பமேன்னு யோசிச்சாரு. ஆனாலும் சொன்னாரு, "ஒண்ணு கொறையுதுங்க." யாருக்கும் கேக்கல. ரெண்டாந்தரம் சொன்னாரு. "கண்டக்டருக்கு இன்னும் டிக்கெட் கணக்கு போகல!"ன்னு தண்டபாணி சிரிச்சாரு. மூணாந்தரம் பேசல. ரெண்டு வெரல வாயில வச்சு ஃபீய்ய்ய்னு ஒரு விசில் அடிச்சாரு, ஓடற பஸ்ஸ நிறுத்தற மாதிரி.

எல்லாரும் அப்படியே நின்னாங்க.

"பேட்டரி ஒண்ணு காணல. கொழந்த வாயப் பாருங்க, அம்மணி."

கலைமணி வெரல விட்டுப் பாத்தா. எச்சில்தான். "ஐயோ, உள்ள போயிருச்சா? சொல்லுங்க, போயிருச்சா?"

நூர்ஜகான் பட்டுனு எந்திரிச்சுது. "அது தொண்டையில நின்னா உள்ளயே சுட்டுப் புண்ணாக்கிரும். தேடிப் பாத்துட்டுப் போலாம்னு நிக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகணும். அண்ணா, ஆட்டோவ எடுங்க!"

டுர்ர்ர்னு ஆட்டோ பறந்துச்சு. செல்லத்துரை, கலைமணி, கொழந்த, நூர்ஜகான், நாலு பேரு போயாச்சு. பட்டறையில பத்து பேரு.

ம்.

அப்போ அந்தப் பத்து பேரும் தேட ஆரம்பிச்சாங்க. மொதல்ல பாய உதறினாங்க, தொப் தொப்புனு. இல்ல. அப்புறம் தரையக் கூட்டினாங்க. லேத் பட்டறை இல்லையா, மூலையெல்லாம் இரும்புச் சுருள். எதப் பாத்தாலும் மினுங்குது. ஒவ்வொண்ணா வெரலால தள்ளித் தள்ளிப் பாத்தாங்க. இல்ல. வாசல்ல யாரு செருப்புச் சத்தம் கேட்டாலும் எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க.

"ஆமையக் கழட்டுங்க"ன்னாரு ராக்கியப்பன்.

"கண்ணு குழி வெளியில இருக்குது. அதுக்குள்ள எப்படிய்யா போகும்?"னாரு தண்டபாணி.

"பாக்காத எடம் அது ஒண்ணுதானுங்க."

கழட்டினாங்க. தண்டபாணி ஸ்க்ரூவ ஒவ்வொண்ணா எடுக்கறாரு. ராக்கியப்பன் எண்ணறாரு. முப்பது. முப்பத்தொண்ணு. முப்பத்திரெண்டு. டப்புனு தகர முதுகு கழண்டுச்சு. சத்தம் வர்ற ஸ்பீக்கர் இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி பெரிய காந்தம். அதுல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, வட்டமா, வெள்ளையா. யாரோ ஸ்பீக்கரத் தட்டுப் பக்கத்துல வச்சிருக்காங்க. பேட்டரி டக்குனு தாவி ஒட்டியிருக்கு. அப்படியே உள்ள வச்சு மூடிட்டாங்க.

ஒரு பையன் ஓன்னு அழுதான்.

போன் போட்டாங்க. அங்க எக்ஸ்ரே வாசல்ல வரிசையில நிக்கறாங்களாம். "கெடச்சிருச்சும்மா, திரும்பி வா"ன்னாரு தண்டபாணி.

கலைமணி சொன்னா, "அங்க ஒண்ணு கெடச்சது சரிங்க. இவ வயித்துல வேற ஒண்ணும் இல்லைன்னு யாருங்க சொல்றது?"

ராக்கியப்பன் போன வாங்கினாரு. "ரெண்டுதான் அம்மணி இருந்துச்சு. நான்தான் எண்ணினேன். ஆனாலும் நீங்க எடுத்துப் பாத்துட்டே வாங்க. நாங்க இங்கயே இருக்கோம்."

யாரும் வீட்டுக்குப் போகல. ஒரு மணி நேரம் பத்து பேரும் வாசலப் பாத்துட்டே உக்காந்திருந்தாங்க. அப்புறம் டுர்ர்ர்னு ஆட்டோ சத்தம். கலைமணி படத்த வெளிச்சத்துல தூக்கிக் காட்டினா. குட்டிக் குட்டி எலும்பு, வெள்ளை வெள்ளையா. தொண்டையிலயும் வயித்துலயும் ஒண்ணுமே இல்ல. இன்பாக்குட்டி ஆட்டோவுலயே தூங்கிருச்சு.

தூங்கிருச்சா?

தூங்கிருச்சு. மறுநாளே தண்டபாணி ஆமையோட ரெண்டு கண்ணுக்கும் மூடி கடைஞ்சாரு. மூடிக்கு ஒரு ஸ்க்ரூ. இனிமே பேட்டரிய எடுக்கறதும் வைக்கறதும் நூர்ஜகான் மட்டுந்தான், புள்ளைங்க இல்லாதப்போ. அதுக்காகப் பத்து ஸ்க்ரூ வாங்கினாங்க. ரெண்டு போட்டாச்சு. மிச்சத்த ராக்கியப்பன் டப்பாவுல போட்டு, உசரத்துல வச்சு, எறங்கி, மறுபடி ஏறி எண்ணிட்டுத்தான் வீட்டுக்குப் போனாரு. எல்லாம் சரியா இருக்கு. கதை தீந்துச்சு, நீ கண்ண மூடு. மீதி எட்டு.