பவளனின் முதுகைத் தடவிய கை

மலைக்காட்டுக்குள் வெயில் எட்டிப் பார்க்காத குளம் ஒன்று இருந்தது. அங்கே அஞ்சனி என்ற நீர்நாயும் குமுதி என்ற தவளையும் வெகுகாலமாகச் சிநேகிதிகள்.

ஒருநாள் நரி ஒன்று சுரைக்குடுக்கையோடு வந்தது. குடுக்கைக்குள் ஒரு நீர்ப்பல்லி. தவளை போல வழுவழுப்பான தோல், நீண்ட வால், சிவந்த வயிறு. அஞ்சனிக்குப் பார்த்ததுமே ஆசை வந்துவிட்டது. இரண்டு கெண்டை மீன்களைக் கொடுத்து வாங்கிக்கொண்டது.

"இது ஏன் இப்படிச் சோர்ந்து கிடக்கிறது?"

"வந்த களைப்பு. தண்ணீரில் விட்டால் தெளிந்துவிடும்" என்று சொல்லிவிட்டு நரி விறுவிறுவென்று நடந்தது.

அஞ்சனி அதற்குப் பவளன் என்று பெயர் வைத்தது. அப்போதே குளத்தில் விட்டது.

பவளன் எதையும் தின்னவில்லை. மண்புழுவை வாயருகே நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்றாம் நாள் தண்ணீரைவிட்டு வெளியேறி, பாறைமேல் அசையாமல் உட்கார்ந்தது. சுற்றிலும் பனிமூட்டம்.

"ஏன் இங்கே இருக்கிறாய்?" என்றது அஞ்சனி.

"தண்ணீருக்குள் யாரோ என் முதுகைத் தடவுகிறார்கள்."

"அங்கே யாரும் இல்லையே."

"இருக்கிறார்கள். கை மெத்து மெத்தென்று இருக்கிறது."

குமுதி இதைக் கேட்டுவிட்டது. "இது நல்லதாகப் படவில்லை, அஞ்சனி. என்னவென்று பார்."

"புது இடம், ஏதோ உளறுகிறான்" என்றது அஞ்சனி. ஆசையாய் வாங்கியதில் குறை இருப்பதாக ஒப்புக்கொள்ள அதற்கு மனம் வரவில்லை.

மறுநாள் மாலை குமுதியின் குரல் கேட்கவில்லை. குளமே ஓசையற்றுக் கிடந்தது. அஞ்சனி தேடிப் போனது. குமுதி கரையோரச் சேற்றில் ஒடுங்கியிருந்தது.

"அஞ்சனி, என் முதுகையும் யாரோ தடவுகிறார்கள்" என்றது மெல்ல.

பேயோ என்று அஞ்சனிக்குப் பயம் வந்தது. ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தது. குமுதியின் முதுகில் வெள்ளையாய், பஞ்சு போல ஏதோ முளைத்திருந்தது. பாறைக்கு ஓடிப் பவளனைப் பார்த்தது. அதே வெள்ளைப் பஞ்சு, இன்னும் அடர்த்தியாக.

தடவியது பேயல்ல, பூஞ்சை நோய்.

"உன் ஊர்த் தண்ணீர் எப்படி இருக்கும்?" என்று பவளனிடம் கேட்டது.

"சில்லென்று ஓடிக்கொண்டே இருக்கும்."

அருவியடியில் இரண்டு பாறைக்குழிகள் இருந்தன. அஞ்சனி ஒன்றில் பவளனையும் மற்றொன்றில் குமுதியையும் தனித்தனியே விட்டது. ஒருவரைத் தொட்ட கையை நன்றாகக் கழுவாமல் மற்றவரைத் தொடவில்லை. தினமும் புதுத்தண்ணீர் மாற்றியது. குளத்தில் யாரும் இறங்க வேண்டாம் என்று வெட்கத்தைவிட்டுக் காடு முழுக்கச் சொன்னது.

ஏழாம் நாள் பவளன் ஒரு புழுவைத் தின்றது.

குமுதி அதற்கு முன்பே, ஐந்தாம் நாள் விடியலில், கண் திறந்தபடியே செத்து மிதந்தது.

"பக்கத்துக் குழியில் இருந்தவள் எங்கே?" என்றது பவளன்.

"அவள் பார்க்கச் சொன்னாள். நான் பார்க்கவில்லை" என்றது அஞ்சனி.

நம்மை நம்பி வந்த உயிர் வாடும்போது, சாக்குச் சொல்லாமல் அன்றே அருகில் போய்ப் பார்ப்பதுதான் உண்மையான அன்பு.