குருவிப்பாறையைச் சுற்றிய கோடுகள்

"இந்த ஜி.பி.எஸ். பொய் சொல்லுதுங்க, அம்மணி."

சென்னியப்பன் கருவியை மேசைமேல் வைத்தார். வைத்த மாதிரி இல்லை, திருடனைப் பிடித்துவந்து ஒப்படைத்த மாதிரி இருந்தது.

கோகிலவாணி அதைப் பார்த்தாள். உடனே தொடவில்லை.

"என்ன பொய் சொல்லுச்சுங்கண்ணா?"

"குருவிப்பாறைக்குப் போனா இங்கதான்னு ஒரு எடத்தைக் காட்டுது. அங்க போய் நின்னா, இல்ல, அங்கன்னு தள்ளிக் காட்டுது. அங்கயும் போனா பள்ளத்துக்கு மேல அந்தரத்துல காட்டுது. அந்தரத்துல யாராச்சும் பொட்டி வெப்பாங்களா?"

"வெக்க மாட்டாங்க."

குருவிப்பாறையில் பெட்டியை வைத்ததே அவள்தான்.

விளையாட்டு இதுதான். ஒருவர் காட்டிலோ மலையிலோ ஒரு சின்னப் பெட்டியை ஒளித்துவைப்பார். அது இருக்கும் இடத்தின் எண்களை, அட்சரேகை இவ்வளவு, தீர்க்கரேகை இவ்வளவு என்று இணையத்தில் போடுவார். மற்றவர்கள் கையடக்க ஜி.பி.எஸ். ஒன்றை வைத்துக்கொண்டு தேடிப் போவார்கள். கிடைத்தால் பெட்டிக்குள் இருக்கும் நோட்டில் பேரெழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து இணையத்தில் 'கிடைத்தது' என்று பதிவார்கள். கிடைக்காவிட்டால் 'கிடைக்கவில்லை.' இரண்டு பேர் அடுத்தடுத்து அப்படிப் பதிந்தால், பெட்டி காணாமல் போயிருக்கலாம் என்று வைத்தவர் போய்ப் பார்ப்பார்.

பரிசு கிடையாது. காவலும் கிடையாது.

அந்த மலைப்பக்கத்தில் பெட்டி தேடுகிறவர்கள் எல்லாரும் கோகிலவாணியைக் குரு என்றுதான் சொல்வார்கள். எடைமேடைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு இந்த மாதிரிக் கருவிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முப்பத்தொரு வயது. நூல்மில் சூப்பர்வைசர் சென்னியப்பனுக்கு ஐம்பத்து மூன்று. போகப்போக அவருக்கும் அவள் குருவாகிவிட்டாள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சென்னியப்பன் யாரிடமும் சொல்லாதது.

ஜூலை பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை, குருவிப்பாறைப் பெட்டி அவருக்குக் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து 'கிடைத்தது' என்று பதிந்தார்.

அது அவருடைய இருநூறாவது பெட்டி. தேடுகிறவர்கள் சேர்ந்து அவருக்குப் பொன்னாடை வாங்கி வைத்துவிட்டார்கள். டீ, போண்டாவுக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது. பெட்டி எப்படியும் அங்கேதான் இருக்கிறது, நாம் அதற்கு நாலடி பக்கத்தில்தான் நின்றிருப்போம், நின்றதும் தொட்டதும் ஒன்றுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பொன்னாடை போர்த்தும்போது தோள் அரித்தது.

அதோடு போயிருந்தால் போயிருக்கும்.

கரூரிலிருந்து மரகதம் என்று ஒரு அம்மாள். ரிட்டையரான நர்ஸ். எல்லாருக்கும் சிஸ்டர். முழங்கால் வலி உள்ளவர். சென்னியப்பனுடைய பதிவைப் பார்த்துவிட்டுக் குருவிப்பாறைக்கு ஏறினார். கிடைக்கவில்லை. மறுவாரம் ஏறினார். பிறகு சென்னியப்பனுக்கு போன் போட்டார்.

"உங்களுக்குக் கிடைச்சுதுங்களே சார், எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க."

"வலப்பக்கப் பொந்து, சிஸ்டர்," என்றார் சென்னியப்பன்.

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

மூன்றாம் முறையும் ஏறினார் அந்த அம்மாள். இன்று காலை ஒரு செய்தி அனுப்பியிருந்தார். 'நாலு மணிக்கு மறுபடியும் ஏறுகிறேன். உங்கள் பதிவு இருக்கிற தைரியம்தான்.'

இப்போது மணி இரண்டே முக்கால். கருவியைச் சரிசெய்து, ஓடிப்போய், அந்த அம்மாள் வருவதற்கு முன்னால் பெட்டியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டால் சொன்ன பொய் பின்னால் போய் உண்மையாகிவிடும் என்று நினைத்தார்.

கோகிலவாணி கருவியைத் திறந்தாள்.

"பேட்டரி ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசு."

சென்னியப்பனுக்கு மூச்சு வந்தது. "அதுதானுங்களே கோளாறு?"

"இல்லீங்க. சீக்கிரம் தீந்துபோகும், அவ்வளவுதான். ரெண்டையும் சேத்து மாத்தோணும்." மாற்றினாள்.

"எந்த அளவுமுறைல கணக்குப் போடுதுன்னு பாருங்க, அம்மணி. பழைய முறைக்கு மாறியிருந்தா நூறு இருநூறடி தள்ளிக் காட்டும்னு நீங்கதான் சொன்னீங்க."

பார்த்தாள். "சரியா இருக்குது."

"நான் போட்ட எண்ணு?"

"அதுவும் சரி."

ஒவ்வொரு 'சரி'க்கும் சென்னியப்பன் ஒரு பிடி இளைத்தார்.

"திசைகாட்டி ஒண்ணு பாக்கி. வெளிய வாங்க. தட்டையாப் பிடிச்சுக்கிட்டு நின்ன எடத்துலயே மெதுவா ரெண்டு சுத்து சுத்துங்க."

சுற்றினார். எடைமேடையில் நின்ற லாரியிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, அண்ணனுக்கு சாமி வருதாட்டம் இருக்குது."

"வந்தா உங்களுக்குத்தான் மொதல்ல குறி சொல்லுவாரு. எத்தனை டன் கூட ஏத்திருக்கீங்கன்னு."

டிரைவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். சென்னியப்பனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் நில அளவைக்காரர்கள் நட்ட ஓர் அளவைக்கல் உண்டு. அது இருக்கும் இடத்தின் எண்கள் அவளுக்கு மனப்பாடம். அதன்மேல் கருவியை வைத்துவிட்டு இருவரும் நின்றார்கள். கால்மணி நேரம். வெயில்.

"ஆறடிதான் வித்தியாசம்," என்றாள்.

"அப்பறம் ஏனுங்க பாறைக்கிட்ட மட்டும் அப்படி அலையுது?"

"பாறையில மோதி வர்ற சிக்னல் அப்படித்தான் ஆடும். ஆனா பொய் சொல்லலீங்க. இந்த மூலையைப் பாருங்க."

திரையின் மூலையில் ஒரு சின்ன எண் இருந்தது. இத்தனை வருஷத்தில் சென்னியப்பன் அதைக் கவனித்ததே இல்லை.

"எத்தனை அடி பிசகியிருக்கலாம்னு அதுவே போட்டுக்கிட்டுத்தான் இருக்குது. பாறையோரம் போனா அம்பதுன்னு காட்டும். எனக்கு இங்க சரியாத் தெரியலைன்னு சொல்லுது."

சென்னியப்பன் குனிந்து அந்த எண்ணைப் பார்த்தார்.

"கருவி நல்லாத்தானுங்கண்ணா இருக்குது. உங்களுக்கு சந்தோசமில்லையா?"



உள்ளே வந்ததும் அவள் இன்னொரு பொத்தானை அழுத்தினாள். நடந்த வழியெல்லாம் கருவிக்குள் கோடாகப் பதிந்திருக்கும். அது சென்னியப்பனுக்குத் தெரிந்த விஷயம்தான். அந்த நிமிஷம்வரை நினைவுக்கு வரவில்லை.

திரையில் குருவிப்பாறை. அதைச் சுற்றி, செக்கு மாடு சுற்றின மாதிரி, கோட்டின்மேல் கோடு.

கோகிலவாணி தேதிகளை வாசித்தாள். கோர்ட்டில் வாசிக்கிற மாதிரி இல்லை. பஸ் நேரம் வாசிக்கிற மாதிரி.

"ஜூலை பதினாலு. இருபத்தொண்ணு. இருபத்தெட்டு. அப்பறம், இன்னிக்குக் காலையில."

பதினான்காம் தேதி கிடைத்த பெட்டியை ஒருவர் அதற்குப் பிறகு மூன்று தடவை போய்த் தேட மாட்டார்.

அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது சென்னியப்பனுக்கு. காது மடல் சூடாகி, சூடு கழுத்துவழியே இறங்கியது. மேசையில் ஒரு ஸ்க்ரூ கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் கருவியைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"மேல, கீழ, பின்பக்கம், அந்த முள்ளுப் புதருக்குள்ளகூடப் போயிருக்கீங்க."

"ம்."

"ரெண்டே கால் மணி நேரம். மொத நாளே."

"ம்."

"நான் வெச்ச பொட்டியை இத்தனை நல்லா ஒருத்தரும் தேடுனதில்லீங்கண்ணா."

கேலி இல்லை அந்தக் குரலில். அதுதான் அவரால் தாங்க முடியாமல் இருந்தது. திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"அங்க இருந்திருந்தா உங்க கையில மாட்டாம இருக்காது," என்றாள் அவள். "மழையில போயிருச்சாட்டம் இருக்குது."

அந்த நேரத்தில் அவருடைய போன் மேசையில் அதிர்ந்தது. மரகதம் சிஸ்டர். அடித்து ஓய்ந்தது. பிறகு செய்தி வந்தது. 'முந்தின பஸ்ஸே கிடைத்துவிட்டது. அடிவாரத்தில் இறங்கிவிட்டேன் சார். வலப்பக்கப் பொந்துதானே?'

சென்னியப்பன் அதைப் படித்தார். குருவிடம் நீட்டினார். அவளும் படித்தாள்.

"என்ன சொல்லட்டுங்க, அம்மணி?"

கோகிலவாணி ஜி.பி.எஸ்.ஸை அணைத்தாள். சட்டை நுனியால் திரையைத் துடைத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதுல கோளாறு இல்லீங்க. எடுத்துட்டுப் போங்க."

அடுத்த கருவியை எடுத்து அதன் மூடியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள்.

அவர் வெளியே வந்தார். எடைமேடைக்கும் சாலைக்கும் நடுவில் நின்று போன் போட்டார். இரண்டு தடவை பாதியில் நிறுத்தினார். மூன்றாவது தடவை அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"சொல்லுங்க சார். நான் ஏற ஆரம்பிச்சுட்டேன்."

"ஏறாதீங்க, சிஸ்டர்."

"ஏனுங்க, மழை வருதா?"

"இல்லீங்க. எனக்கு அது கிடைக்கலீங்க."

"எதுங்க?"

"பொட்டி. பதினாலாந்தேதி கிடைக்கல. அப்பறமும் கிடைக்கல. பொந்துன்னு சொன்னது பொய்யிங்க. அங்க அது இல்ல."

போனில் காற்று மட்டும் கேட்டது. ஊன்றுகோல் கல்லில் தட்டி நின்றது. அந்த அம்மாள் எங்கோ உட்கார்ந்தார் போல. திட்டட்டும் என்று சென்னியப்பன் காத்திருந்தார்.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்களா, சார்?" என்றார் மரகதம். "எல்லாருக்கும் கிடைக்கறது எனக்கு மட்டும் தெரிய மாட்டேங்குதேன்னு, வீட்டுல யாருக்கும் சொல்லாம, போன வாரம் கண் டாக்டர்கிட்டப் போயி உக்காந்துட்டு வந்தேனுங்க."